வராதவரின் வாக்கு யார் கணக்கில்?

2021 மார்ச் 23 அன்று ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை, இலங்கை குறித்த தீர்மானம் ஒன்றை வாக்கெடுப்புக்கு விட்டது. 22 நாடுகள் ஆதரித்தன. 11 நாடுகள் எதிர்த்தன. இந்தியா உட்பட 14 நாடுகள் எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் ஒதுங்கின. தீர்மானம் நிறைவேறியது. ஆனால் இலங்கையின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் தினேஷ் குணவர்தன வேறு மாதிரி கூட்டினார். எதிர்த்தவை 11, ஒதுங்கியவை 14, ஆகமொத்தம் 25. பேரவையில் இருப்பது 47 நாடுகள். எனவே பாதிக்கு மேற்பட்ட நாடுகள் தீர்மானத்தை ஆதரிக்கவில்லை என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு அக்டோபரில் இன்னொரு தீர்மானம் வந்தது. அதற்கு ஆதரவு 20, எதிர்ப்பு 7, ஒதுங்கியவை 20. அதுவும் நிறைவேறியது. இந்தியா அப்போதும் ஒதுங்கியது.

47 பேர் உள்ள அவையில் 20 வாக்கு வாங்கி வெல்வது எப்படி? ஒதுங்கிய நாடு யாருக்கு உதவியது? இரண்டு கேள்விக்கும் பதில் அந்தந்த அவையின் விதியில் இருக்கிறது. வாக்களிப்பவரின் வலுவை அளக்க ஆட்டக் கோட்பாடு (ஒருவர் முடிவு மற்றவர் முடிவோடு பின்னிக்கிடக்கும் சூழல்களை ஆராயும் கணிதம்) பல பத்தாண்டுகளாக வைத்திருந்த அளவுகோல் 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு விடைகளை மட்டுமே பார்த்தது. மூன்றாவது விடையைச் சேர்த்தால் வலுவின் கணக்கு எவ்வளவு தூரம் மாறிப்போகிறது என்பதுதான் இங்கே பார்க்கப்போவது.

வராமல் இருப்பதற்கு மூன்று பொருள்

ஒருவர் வாக்களிக்கவில்லை என்றால் என்ன பொருள் என்பதை அவர் மனநிலை முடிவு செய்வதில்லை. விதி முடிவு செய்கிறது. நடைமுறையில் மூன்று வகை விதிகள் உண்டு.

1. வாக்களித்தவர்களில் பெரும்பான்மை. ஒதுங்கியவர் கணக்கிலேயே இல்லை. ஆதரவும் எதிர்ப்பும் மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படும். மனித உரிமைகள் பேரவை இந்த வகை. 22-க்கும் 11-க்கும் இடையில்தான் போட்டி. 14 தராசில் ஏறவே இல்லை. இந்திய நாடாளுமன்றத்தின் சாதாரண மசோதாக்களுக்கும் அரசியல் சட்டத்தின் 100வது பிரிவு இதையே சொல்கிறது.

2. மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, அல்லது முன்கூட்டியே நிர்ணயித்த ஓர் எண்ணிக்கை. இங்கே வராதவரும் எதிர்த்தவரும் ஒன்று. ஆதரவு அந்த எண்ணைத் தொட்டதா என்பது மட்டுமே கேள்வி.

3. குறைந்தபட்ச வருகை, அதாவது கோரம். இத்தனை பேர் வந்தால்தான் முடிவு செல்லும். இந்த விதி இருக்கும் இடத்தில், வந்து உட்கார்ந்துகொண்டு வாக்களிக்காமல் இருப்பதும் வீட்டிலேயே இருந்துவிடுவதும் வேறு வேறாகிவிடும்.

குணவர்தனவின் கூட்டல் தப்பில்லை. அவர் இரண்டாம் வகை விதியின் கணக்கை முதல் வகை அவையில் போட்டார், அவ்வளவுதான்.

முதல் வகைக்கு நம் ஊருக்குத் தெரிந்த ஓர் உதாரணம், முத்தலாக் மசோதா. 2019 ஜூலை 30 அன்று மாநிலங்களவையில் 99-84 என்று அது நிறைவேறியது. அவையின் மொத்த இடங்கள் 245. 99 என்பது பாதிக்கு எவ்வளவோ கீழே. மசோதாவை எதிர்த்துப் பேசிய அ.தி.மு.க.வும் ஐக்கிய ஜனதா தளமும் வாக்கெடுப்புக்கு முன் வெளிநடப்பு செய்தன. வேறு சில கட்சிகளின் உறுப்பினர்களும் வரவில்லை. வாசல் வழியே போனவர் ஒவ்வொருவரும் வெற்றிக்குத் தேவையான எண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டுப் போனார்.

வாக்கு வேறு, வலு வேறு

இனி அளவுகோலுக்கு வருவோம். 100 வாக்கில் 20 வைத்திருப்பவருக்கு 20% அதிகாரம் இருக்கிறது என்று நினைப்பது இயல்பு. அது தவறு என்பதை அமெரிக்க வழக்கறிஞர் ஜான் பான்ஸாஃப் 1965-ல் ஊரறியக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது நியூயார்க் மாநிலத்தின் நாசாவ் மாவட்ட நிர்வாகக் குழு. அதன் ஆறு உறுப்பினர்களுக்கும் மக்கள்தொகையை ஒட்டி முறையே 31, 31, 28, 21, 2, 2 வாக்குகள் தரப்பட்டிருந்தன. மொத்தம் 115. வெல்ல 58 வேண்டும்.

கூட்டிப் பாருங்கள். பெரிய மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் குறைந்தது 59 வந்துவிடும், மற்றவர்கள் தேவையில்லை. பெரியவர் ஒருவரோடு மீதி மூன்று சிறியவர்களும் சேர்ந்தால் அதிகபட்சம் 56. போதாது. ஆக 21 வாக்கு வைத்திருந்தவருக்கு எந்தச் சூழ்நிலையிலும் முடிவை மாற்றும் வாய்ப்பே இல்லை. 2 வாக்குக்காரர்களுக்கு இருந்த அதே வலுதான் அவருக்கும்: பூஜ்யம். பெயருக்கு ஆறு பேர் ஆட்டம், அதில் மூவர் ஒப்புக்குச் சப்பாணிகள்.

இதிலிருந்து வரும் அளவுகோல் எளிமையானது. மற்ற எல்லாரும் எப்படி வாக்களிக்கிறார்கள் என்பதற்கு எத்தனை வாய்ப்புகள் உண்டோ அத்தனையையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட ஒருவர் ஆம் என்றால் தீர்மானம் வெல்கிறதா, இல்லை என்றால் தோற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் நடந்தால் முடிவு அவர் கையில் இருக்கிறது. இதைத் 'திருப்பும் நிலை' என்று வைத்துக்கொள்வோம். மொத்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு திருப்பும் நிலைகளோ அதுவே அவர் வலு. பிரிட்டிஷ் மனநல மருத்துவரும் மரபியலாளருமான லயனல் பென்ரோஸ் இதையே 1946-ல் கண்டுபிடித்து எழுதியிருந்தார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அதனால் இப்போது இரண்டு பெயரையும் சேர்த்து பென்ரோஸ்-பான்ஸாஃப் அளவு என்கிறார்கள். இடையில் 1954-ல் லாயிட் ஷாப்லியும் மார்ட்டின் ஷூபிக்கும் இன்னொரு குறியீட்டைத் தந்தார்கள். ஒவ்வொருவராக வரிசையில் வந்து சேரும்போது யார் சேர்ந்த நொடியில் கூட்டணி வெல்கிறது என்று அது பார்க்கும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை: அவையில் யாரும் எழுந்து வெளியே போக மாட்டார்கள் என்ற நம்பிக்கை. 1990களின் பிற்பாதியில்தான் டான் ஃபெல்சென்தாலும் மோஷே மகோவரும் ஆம், இல்லை, ஒதுங்கல் என்ற மூன்று விடைகள் கொண்ட வாக்கெடுப்பை முறையான கணிதமாக எழுதினார்கள். நாடாளுமன்றங்களில் வெளிநடப்பு எத்தனை பழைய பழக்கம் என்று யோசித்தால் இந்தத் தாமதம் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

49, 49, 2

கையாலேயே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கு. 100 பேர் கொண்ட ஓர் அவை. அ கட்சிக்கு 49, ஆ கட்சிக்கு 49, இ கட்சிக்கு 2. கட்சி முழுவதும் சேர்ந்தே நடக்கும்.

முதலில் எல்லாரும் வந்தே தீர வேண்டும் என்போம். எந்த இரண்டு கட்சி சேர்ந்தாலும் வெற்றி. எனவே மூன்றுக்கும் ஒரே வலு; 2 பேர் வைத்திருக்கும் இ-யும் 49 பேர் வைத்திருக்கும் அ-வும் சமம். கூட்டணி அரசியலில் அடிக்கடி கேட்கும் "சின்னக் கட்சி கையில்தான் குடுமி" என்ற பேச்சுக்கு இதுதான் அடிப்படை.

இப்போது ஒதுங்கும் உரிமையைச் சேர்ப்போம். மற்ற இரண்டு கட்சிகளுக்கும் தலா மூன்று விடை, ஆக 9 வாய்ப்புகள்.

மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, அதாவது 51 ஆதரவு வேண்டும் என்ற விதியில்: அ, ஆ இரண்டில் சரியாக ஒன்று மட்டும் ஆம் சொன்னால் இ-யின் கையில் முடிவு. அப்படி 4 வாய்ப்புகள் உண்டு. அ-வுக்கும் இதே கதை; ஆ, இ இரண்டில் சரியாக ஒன்று ஆம் சொல்ல வேண்டும், அதுவும் 4. எல்லாருக்கும் ஒன்பதில் நான்கு. சமத்துவம் நீடிக்கிறது.

வாக்களித்தவர்களில் பெரும்பான்மை என்ற விதியில்: இ-யின் இரண்டு வாக்கு செல்லுபடியாக வேண்டுமானால் அ-வும் ஆ-வும் ஒன்றையொன்று சமன்செய்ய வேண்டும். ஒன்று ஆம், மற்றது இல்லை. அல்லது இரண்டுமே ஒதுங்கல். இப்படி 3 வாய்ப்புகள்தான். அ கட்சிக்கோ 6 வாய்ப்புகள் கிடைக்கின்றன. காரணம், ஆ ஒதுங்கிவிட்டால் 49 பேருக்கு முன்னால் 2 பேர் என்ன செய்ய முடியும்? அந்த மூன்று வாய்ப்புகளிலும் அ மட்டுமே ராஜா.

ஆக இரண்டு விடைக் கணக்கில் சமமாக இருந்த கட்சிகள், ஒதுங்கும் வழி திறந்ததும் 6-க்கு 3 என்று பிரிந்துவிட்டன. அப்புறம் கோரத்தையும் சேர்த்தால் இ-யின் நிலை இன்னும் மோசம். நம் நாடாளுமன்றத்தைப் போலப் பத்தில் ஒரு பங்கினர், அதாவது 10 பேராவது அவையில் இருக்க வேண்டும் என்று வையுங்கள். ஒதுங்கும் கட்சி அவைக்கே வராமல் போனால், வெறும் 2 பேரை வைத்து அவை நடக்காது. இ-யின் 3 வாய்ப்பில் ஒன்று கழிந்து 2 ஆகிவிடும். அ-வின் 6 அப்படியே நிற்கும். அது தனியாகவே 49 பேரோடு உட்கார்ந்திருக்கிறது.

சின்னக் கட்சியின் பேரம் பேசும் வலுவை வெறும் இடங்களை வைத்துக் கணக்கிடும் செய்தித்தாள் அலசல்கள் ஏன் பல நேரம் பொய்த்துப்போகின்றன என்பதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான விளக்கம் இதுதான். இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்று மறைமுகமாக ஒதுங்கிக்கொண்டால் போதும்; நடுவில் நிற்பவர் கையிலிருந்த குடுமி நழுவிவிடும்.

நேர்மாறாகவும் நடக்கும். நாசாவ் குழுவில் 58 என்ற நிலையான எண்ணுக்குப் பதில் வாக்களித்தவர்களில் பெரும்பான்மை என்ற விதி இருந்திருந்தால், பெரிய மூவரில் ஒருவர் வராமல், மற்ற இருவரும் எதிரெதிராக நிற்கும் நாளில் 21 வாக்குக்காரர்தான் நடுவர். அந்த ஒரு நாளுக்காவது அவர் சப்பாணி இல்லை.

பாதுகாப்புச் சபை

மூன்றாவது விடையை மறந்தால் எவ்வளவு பெரிய பிழை வரும் என்பதற்கு ஐ.நா. பாதுகாப்புச் சபையை விடப் பொருத்தமான இடம் கிடையாது. 5 நிரந்தர உறுப்பினர்கள், 10 தற்காலிக உறுப்பினர்கள். 9 ஆதரவு வாக்கு வேண்டும். நிரந்தர உறுப்பினர் யாரும் வீட்டோ செய்யக் கூடாது, அதாவது எதிர்த்து வாக்களித்துத் தீர்மானத்தைத் தடுக்கக் கூடாது.

ஐ.நா. சாசனத்தின் 27வது பிரிவு, நிரந்தர உறுப்பினர்களின் ஒத்திசைந்த வாக்குகளும் அந்த ஆதரவில் அடங்கியிருக்க வேண்டும் என்கிறது. எழுத்துக்கு எழுத்து படித்தால் ஐவரும் ஆம் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் தொடக்கத்திலிருந்தே நடைமுறை வேறு. நிரந்தர உறுப்பினர் ஒதுங்கினால் அது வீட்டோ ஆகாது. 1971-ல் நமீபியா பற்றிய ஆலோசனைக் கருத்தில் சர்வதேச நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது.

வராமலே போனால்? சீனாவின் இடத்தில் சியாங் கை-ஷேக் அரசு உட்கார்ந்திருப்பதைக் கண்டித்து 1950 ஜனவரியிலிருந்து சோவியத் யூனியன் சபையைப் புறக்கணித்து வந்தது. அந்த ஜூன் 25-ல் கொரியப் போர் வெடித்தது. அன்றைக்கே வட கொரியா பின்வாங்க வேண்டும் என்ற தீர்மானம் 9-0 என்று நிறைவேறியது. அன்று சபையில் 11 உறுப்பினர்கள்தான்; யூகோஸ்லாவியா மட்டும் ஒதுங்கியது. இரண்டு நாள் கழித்து, தென் கொரியாவுக்கு உதவும்படி உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைக்கும் தீர்மானமும் நிறைவேறியது. வீட்டோவைக் கையில் வைத்திருந்த நாடு அறையில் இல்லை. ஆகஸ்ட் 1-ல் சோவியத் பிரதிநிதி திரும்பி வந்தபோது தீர்மானங்கள் நிறைவேறி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

2011 மார்ச் 17-ல் லிபியா மீதான 1973-ஆம் எண் தீர்மானம் 10-0 என்று நிறைவேறியது. ரஷ்யா, சீனா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி ஐந்தும் ஒதுங்கின. ஆம், இல்லை என்று மட்டும் பார்க்கும் கணக்கில் இப்படி ஒரு தீர்மானம் நிறைவேறவே வழியில்லை. ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் ஆம் சொன்னால்தானே அங்கே வெற்றி.

சரி, எண்களைப் பார்ப்போம். இரண்டு விடைக் கணக்கில்:

1. ஒரு நிரந்தர உறுப்பினர் திருப்பும் நிலையில் இருக்க, மற்ற நான்கு நிரந்தர உறுப்பினர்களும் ஆம் சொல்ல வேண்டும். பத்துத் தற்காலிக உறுப்பினர்களில் குறைந்தது நால்வர் ஆம் சொல்ல வேண்டும். இப்படி 848 வழிகள்.

2. ஒரு தற்காலிக உறுப்பினர் திருப்பும் நிலையில் இருக்க, ஐவரும் ஆம். மீதி ஒன்பது தற்காலிக உறுப்பினர்களில் சரியாக மூவர் ஆம். இப்படி 84 வழிகள்.

விகிதம் பத்துக்கு ஒன்று. ஷாப்லி-ஷூபிக் முறையில் போட்டால் இடைவெளி இன்னும் அதிகம்; நூற்றைந்துக்கு ஒன்று.

இப்போது ஒவ்வொருவருக்கும் மூன்று விடை, மூன்றுக்கும் சம வாய்ப்பு என்று வைத்து, ஆம் என்பதை இல்லை என்று மாற்றினால் முடிவு மாறுகிறதா என்று எண்ணலாம். மற்ற 14 பேருக்கும் சேர்த்து 47,82,969 வாய்ப்புகள் வரும். அவற்றில் நிரந்தர உறுப்பினர் திருப்பும் நிலையில் இருப்பது 1,08,336. தற்காலிக உறுப்பினருக்கு 53,154. விகிதம் இரண்டுக்கு ஒன்றுதான்!

பத்து எப்படி இரண்டானது? நிரந்தர உறுப்பினருக்கான 1,08,336 நிலைகளைப் பிரித்துப் பார்த்தால் புரியும். அவற்றில் 69,876 நிலைகளில் அவர் வீட்டோ செய்யவே வேண்டாம்; வெறுமனே ஒதுங்கினாலே ஒன்பதாவது ஆதரவு வாக்கு கிடைக்காமல் தீர்மானம் விழுந்துவிடும். அந்த இடத்தில் அவருக்கும் தற்காலிக உறுப்பினருக்கும் பெரிய வித்தியாசமில்லை. வீட்டோ மட்டுமே காப்பாற்றும் நிலைகள் மீதி 38,460. ஒதுங்கல் என்று ஒன்று இருக்கும்போது ஒன்பது ஆதரவைத் திரட்டுவதே பெரும்பாடு. பல தீர்மானங்கள் வீட்டோவரை போய்ச் சேர்வதே இல்லை.

இந்த 'இரண்டுக்கு ஒன்று' என்பதை அப்படியே உலக அரசியலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சம வாய்ப்பு என்ற அனுமானத்தில் நூறு தீர்மானத்தில் சுமார் ஒன்றுதான் நிறைவேறும். நிஜத்தில் ஒன்பது வாக்கு தேறுமா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுத்தான் பெரும்பாலும் தீர்மானத்தை மேசைக்குக் கொண்டுவருவார்கள். ஒதுங்கும் வாய்ப்பைக் குறைத்துக்கொண்டே போனால் விகிதம் மறுபடி பத்தை நோக்கி ஏறும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு: பத்தா இரண்டா என்பது சாசனத்தின் வரிகளில் மட்டும் எழுதியிருக்கவில்லை, உறுப்பினர்கள் எத்தனை தடவை ஒதுங்குகிறார்கள் என்ற பழக்கத்திலும் பாதி இருக்கிறது.

196-0 என்று தோற்ற தீர்மானம்

ஒரே வாக்கெடுப்பில் இரண்டு வகை விதியும் சேர்ந்து வந்தால் இன்னும் விசித்திரம். 1993 மே 11-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமியைப் பதவி நீக்கும் தீர்மானம் மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. சுதந்திர இந்தியாவில் ஒரு நீதிபதிக்கு எதிராக அந்தக் கட்டம்வரை போன முதல் தீர்மானம். ஆதரவு 196. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. ஆளும் காங்கிரசும் தோழமைக் கட்சிகளுமாக 205 பேர் அவையில் இருந்தபடியே ஒதுங்கினார்கள். தீர்மானம் தோற்றது.

அரசியல் சட்டத்தின் 124வது பிரிவு இரண்டு நிபந்தனை வைக்கிறது. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இங்கே நூற்றுக்கு நூறு கிடைத்தது. அதோடு அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வேண்டும். அன்றைய 545 உறுப்பினர் கணக்கில் அதற்கு 273 தேவைப்பட்டது. முதல் நிபந்தனைக்கு அந்த 205 பேரும் காற்று. இரண்டாவதற்கு அவர்கள் மதில். எதிர்த்தார்கள் என்ற பெயரும் வராமல், தீர்மானமும் விழ வேண்டும் என்றால் இதைவிட வசதியான வழி இல்லை.

அரசியல் சட்டத் திருத்தங்களுக்கும் 368வது பிரிவின்படி இதே இரட்டை நிபந்தனைதான். 543 இடங்களை வைத்துக் கணக்கிட்டால் ஆதரவு குறைந்தது 272 இருக்க வேண்டும்; எதிர்ப்பைப் போல இரு மடங்கும் இருக்க வேண்டும். இதிலிருந்து கிடைப்பது:

1. எதிர்ப்பு வாக்குகள் 136 வரை இருந்தால் 272 என்ற எண் மட்டுமே தடை. அந்த எல்லைக்குள் எதிர்த்து வாக்களிப்பதும் வெளிநடப்பு செய்வதும் ஒன்று.

2. 136-ஐத் தாண்டிய ஒவ்வோர் எதிர்ப்பு வாக்கும் அரசு திரட்ட வேண்டிய ஆதரவை இரண்டு உயர்த்தும். அதே ஆள் வெளிநடப்பு செய்தால் உயர்வு பூஜ்யம்.

3. 543 பேரும் வந்து வாக்களித்தால் 362 வேண்டும். எனவே 182 பேர் உட்கார்ந்து 'இல்லை' என்றால் திருத்தம் நின்றுவிடும். அந்த 182 பேரும் வெளியே போய்விட்டால் மீதி 361 பேரில் 272 பேர் ஆதரித்தாலே வேலை முடிந்தது.

அதாவது பதவி நீக்கத் தீர்மானத்தில் ஆளும் தரப்புக்குக் கேடயமாக இருந்த ஒதுங்கல், திருத்த மசோதாவில் எதிர்க்கட்சிக்கு வீண் ஆகிவிடலாம். வெளிநடப்பு தொலைக்காட்சியில் வீரமாகத் தெரியும். அவை எண்ணிக்கைப் பலகை அதைப் பார்ப்பதில்லை.

எதிர்ப்பு வாக்கு எதிரிக்கு உதவும்போது

கோரம் உள்ள இடங்களில் இன்னொரு கோணல் உண்டு. இத்தாலியின் அரசியல் சட்டம் 75வது பிரிவில், ஒரு சட்டத்தை நீக்கக் கோரும் பொதுவாக்கெடுப்பு செல்ல வேண்டுமானால் தகுதியுள்ள வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாக்களித்திருக்க வேண்டும் என்கிறது. 100 பேர் உள்ள ஊரில் 40 பேர் ஆம், 15 பேர் இல்லை என்கிறார்கள். வருகை 55, ஆம் வெல்கிறது. அந்த 15 பேரும் வீட்டிலேயே இருந்திருந்தால்? வருகை 40, வாக்கெடுப்பே செல்லாது. எதிர்க்க வந்தவர்களே எதிரியை ஜெயிக்க வைத்திருக்கிறார்கள்.

இத்தாலியர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 2005-ல் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் பற்றிய வாக்கெடுப்பில் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர்கள் 'இல்லை' என்று வாக்களிக்கச் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றார்கள். கால்வாசி வாக்காளர்கள்தான் போனார்கள். 2025 ஜூனில் தொழிலாளர் சட்டங்கள், குடியுரிமை பற்றிய ஐந்து கேள்விகளுக்கு வருகை சுமார் 30%. பிரதமர் ஜார்ஜியா மெலோனி வாக்குச்சாவடிவரை போனார். ஆனால் வாக்குச்சீட்டை வாங்கவில்லை. சீட்டை வாங்காதவர் வருகைக் கணக்கில் சேர மாட்டார். கடமைக்குப் போனதாகவும் ஆயிற்று, கோரத்துக்கு உதவாததாகவும் ஆயிற்று.

பழைய அளவுகோல் இங்கே முழுக்கக் கை விரித்துவிடும். 40-15 நிலையில் எதிர்ப்பாளர் ஒருவரின் 'இல்லை'யை 'ஆம்' என்று மாற்றிப் பாருங்கள், முடிவு மாறாது. எனவே அவர் வலு பூஜ்யம் என்று அது சொல்லும். ஆனால் அந்த 15 பேரும் வராமல் இருந்தால் எல்லாமே மாறும். ஆகவே வலுவை ஒரே எண்ணாகச் சொல்லாமல் இரண்டு படியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது: ஆம் என்பதிலிருந்து ஒதுங்கலுக்குப் போனால் என்ன ஆகும், ஒதுங்கலிலிருந்து இல்லை என்பதற்குப் போனால் என்ன ஆகும். சாதாரண விதிகளில் இரண்டு படியும் ஒரே திசையில் இறங்கும். கோரம் இருந்தால் இரண்டாவது படி மேலே ஏறவும் கூடும். இன்னொரு பக்கவிளைவும் உண்டு. எதிர்ப்பவர்கள் எல்லாம் வீட்டில் இருக்கிறார்கள் என்றால் சாவடிக்கு நடந்து போகிறவர் எந்தப் பக்கம் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். ரகசிய வாக்கெடுப்பு பெயரளவில்தான் ரகசியம்.

யாரும் தனியாக வராமல் இருப்பதில்லை

இதுவரை போட்ட கணக்குகளில் ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்காமல் முடிவெடுக்கிறார் என்பது அடிப்படை. காய்ச்சலில் படுத்த உறுப்பினருக்கு அது பொருந்தும். கட்சிக் கொறடா உத்தரவின்பேரில் ஒதுங்கும் உறுப்பினர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் மொத்தமாக வருவார்கள், மொத்தமாகப் போவார்கள். அந்த இடத்தில் தனி உறுப்பினரின் வலுவை அளப்பதைவிடக் கட்சியை ஒரே ஆளாக வைத்து அளப்பதுதான் சரி. 49, 49, 2 கணக்கு அப்படிப் போட்டதுதான்.

அரசியல் சட்டமே வேண்டுமென்று ஒருவரை ஒதுக்கி வைத்திருக்கும் இடமும் ஒன்று உண்டு. அது சபாநாயகர் நாற்காலி. 100வது பிரிவின்படி முதல் சுற்றில் அவருக்கு வாக்கில்லை. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் அவர் வாக்கு உயிர்பெறும்.

1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்தது. அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால் வந்த வாக்கெடுப்பு அது. ஒதுங்கப்போவதாக முதலில் சொல்லியிருந்த பகுஜன் சமாஜ் கட்சியின் ஐந்து உறுப்பினர்கள் கடைசியில் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆதரவு 269, எதிர்ப்பு 270. அந்த ஐவரும் சொன்னபடி ஒதுங்கியிருந்தால் 269-265 என்று அரசு பிழைத்திருக்கும். ஐவர்கூட வேண்டாம், எதிர்த்த 270 பேரில் யாரோ ஒருவர் அன்று அவைக்கு வர முடியாமல் போயிருந்தால்கூட 269-269 ஆகியிருக்கும். அப்போது முடிவு சபாநாயகர் ஜி.எம்.சி. பாலயோகியின் கைக்குப் போயிருக்கும். அவருடைய தெலுங்கு தேசம் கட்சி அரசை வெளியிலிருந்து ஆதரித்துக்கொண்டிருந்தது.